யாருக்கம்மா இந்தப் பணம்?

மஞ்சக்குப்பம், கடலூர்
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது, எங்கள் தெரு முனையில் வழக்கம்போலக் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. மருமகளுக்குப் பண்ருட்டிக்கு மாற்றல் கிடைத்துவிட்டதால் வீட்டில் கொஞ்சம் நிம்மதி. என் முழங்கால் மட்டும் மாற்றல் எதுவும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

"படித்தவர்கள், பெரிய வேலையில் இருந்தவர்கள் எல்லாம் போனில் பேசுகிறவனுக்கு லட்சக்கணக்கில் எப்படித்தான் அனுப்புகிறார்களோ" என்று எழுதியிருந்தாய். எங்கள் எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் சார் கதையைக் கேள். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த மனிதர்.

காலையில் அவருக்கு ஒரு பதிவுக் குரல் வந்தது. 'தொலைத்தொடர்பு ஆணையம், டிராயிலிருந்து பேசுகிறோம், 2 மணி நேரத்தில் உங்கள் நம்பர் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9-ஐ அழுத்துங்கள்.' அழுத்தினார். ஒரு பெண் மரியாதையாகப் பேசி, அவருடைய ஆதாரில் வாங்கிய சிம் ஏதோ கள்ளப்பண வழக்கில் மாட்டியிருப்பதாகச் சொல்லி, 'மும்பை போலீசுக்கு' இணைப்புக் கொடுத்தாள். வாட்ஸப் வீடியோவில் யூனிஃபார்ம் போட்ட ஆள், பின்னால் கொடி, சுவரில் சின்னம். கொஞ்ச நேரத்தில் உச்ச நீதிமன்ற முத்திரை குத்திய ஒரு தாளும் வந்தது. 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம். கேமராவை அணைக்கக் கூடாது. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்களையும் வழக்கில் சேர்ப்போம்.' அவர் மனைவி அன்றைக்குப் பார்த்துச் சிதம்பரத்தில் மகள் வீட்டில். பகல் முழுக்க, ராத்திரி முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார் மனிதர். எதிரே நான் வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள், 'உங்கள் பணம் சுத்தமானதா என்று ரிசர்வ் வங்கி சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்கும், டெபாசிட்டை எல்லாம் முடித்து இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். போன் ஓடிக்கொண்டிருக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேங்க் போயிருக்கிறார். கவுன்டரில் ஒரு சின்னப் பெண். "திடீர்னு எதுக்கு சார் எஃப்.டி.யை உடைக்கிறீங்க? யாருக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். சொல்லிக்கொடுத்தபடியே 'மனை வாங்க' என்றாராம். கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, அவள் மேற்கொண்டு வாயால் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சலானைத் திருப்பி, 'போனில் போலீஸ் யாராவது இருக்கிறார்களா?' என்று எழுதி நீட்டினாள். அவர் தலையாட்டினார். அவ்வளவுதான், பணம் தப்பியது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். அதற்கு அடுத்த அக்டோபரில், ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு வயதான தம்பதி ஏமாந்து எழுதிய புகாரை வைத்து, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த நீதிமன்றத்தின் உத்தரவு மாதிரியே போலித் தாள் தயாரித்துக் காட்டியிருந்தார்கள். சி.பி.ஐ.யோ அமலாக்கத் துறையோ யாரையும் வாட்ஸப்பில் வைத்து விசாரிப்பதில்லை. இதெல்லாம் சாருக்கும் தெரியும். பேப்பர் படிக்கிறவர்தான். ஆனால் ராத்திரி முழுக்க ஒருவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால், தெரிந்தது எதுவும் அந்த நேரத்தில் கைக்கு வராது போலிருக்கிறது.

எனக்கு அந்தக் கவுன்டர் பெண்ணை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. போஸ்டாபீஸில் நானும் அந்தக் கேள்வியைத்தானே காலம் பூராவும் கேட்டேன்? "யாருக்கம்மா இந்தப் பணம்? முடிய இன்னும் எட்டு மாசம் இருக்கே, ஏன் இப்பவே எடுக்கறீங்க?" எத்தனை பேர் முறைத்திருக்கிறார்கள்! ஈமு கோழி பைத்தியம் பிடித்திருந்த வருஷம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா ஆர்.டி.யை முடிக்க வந்தார். கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் ரெண்டு கேள்வி கேட்டதும், "காசு என்னுது, உனக்கென்ன?" என்று திட்டிவிட்டுப் போனார். மறுநாள் தம்பியோடு வந்து, 'அது அப்படியே இருக்கட்டும்' என்றார். 2012-இல் பெருந்துறைப் பக்கத்துக் கம்பெனிகள் கவிழ்ந்து ஊரே அழுதபோது, எனக்கு ஒரு பை கிழங்கான் மீன் வந்தது.

இப்போது பணம் போக கவுன்டர் வேண்டாம். ராத்திரி 11 மணிக்குக்கூடக் கட்டைவிரலால் ஒரு தட்டு, போய்விடும். வசதிதான், நான் குறை சொல்லவில்லை. மழையில் பேங்க் வாசலில் நின்றவள் நான். ஆனால் 'யாருக்கு?' என்று கேட்க நடுவில் இருந்த ஆள் காணாமல் போய்விட்டாள். திருடனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அவன் சொல்லும் கதை வாரத்துக்கு ஒன்றாக மாறினாலும், 'உடனே செய்' என்பதும் 'யாரிடமும் சொல்லாதே' என்பதும் எந்தக் கதையிலும் இருக்கும்.

அதில் எனக்குச் சிரிப்பு வரும் கதையும் உண்டு. 'இந்தியா போஸ்ட்: உங்கள் பார்சல் கிடங்கில் இருக்கிறது, முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் சரிசெய்யவும்.' எனக்கே வந்தது! அடியே, 'டீச்சர் அம்மா, பிள்ளையார் கோயில் எதிரில், மஞ்சக்குப்பம்' என்று மட்டும் எழுதிய கவரைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் நாங்கள். முகவரி சரியில்லை என்றால் தபால்காரர் தெருவில் நாலு பேரைக் கேட்பார், இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார். எஸ்.எம்.எஸ்.ஸில் லிங்க் அனுப்பி 25 ரூபாய் கேட்க மாட்டார். அந்த 25 ரூபாய்க்காகக் கார்டு நம்பரைத் தட்டினால் அதோடு போயிற்று. 'இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த ஆபீசரை அழையுங்கள்' என்று வருவதும் இதே கூட்டத்தின் வேலைதான். அழைத்தால் ஏதாவது ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான். அது உன் போன் திரையை அவனுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம், மாடி போர்ஷனை வாடகைக்கு விட நெட்டில் போட்டதும், 'மிலிட்டரி ஆபீசர்' ஒருவர் வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்றாராமே. நல்லவேளை உன் வீட்டு அண்ணன் எனக்கு எழுதச் சொன்னார். கலா, அது பழைய நாடகம். ராணுவ அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்புவான். முதலில் 1 ரூபாய் நிஜமாகவே போடுவான். பிறகு, 'இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள், அட்வான்ஸ் உங்கள் கணக்கில் விழும்' என்பான். ஸ்கேன் செய்வதும் பின் போடுவதும் நம்மிடமிருந்து பணம் வெளியே போகத்தான். வரும் பணத்துக்குப் பின் நம்பர் எந்தக் காலத்திலும் தேவையில்லை. பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கிற ஆயா நாள் முழுக்க ஜிபேயில் வாங்குகிறாளே, ஒரு தடவையாவது பின் போட்டுப் பார்த்திருக்கிறாயா?

கல்யாணப் பத்திரிகை ஒன்றும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். தொட்டால் படம் திறக்காது, 'இன்ஸ்டால் செய்யவா' என்று கேட்கும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருக்கும். போக்குவரத்து அபராத செலான் என்ற பெயரிலும் வருகிறது. அதை ஏற்றிவிட்டால் போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்குப் போகும், நம் நம்பரிலிருந்து நம் சொந்தக்காரர்களுக்கு அதே பத்திரிகையும் போகும். அனுப்பியவர் தெரிந்தவர் என்பதை இதில் கணக்கில் எடுக்கவே முடியாது. பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் வெற்றிலை பாக்கோடு வரட்டும். வர முடியாவிட்டால் போன் செய்து சொல்லட்டும்.

உன் தங்கை பையன் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே கவலை. அவனுடைய பேங்க் கணக்கை ஒரு மாதம் 'வாடகைக்கு' கொடுத்தால் 5,000 ரூபாய் தருவதாகக் காலேஜ் நண்பன் சொன்னான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். உடனே அவனைக் கூப்பிட்டு உட்காரவை. எங்கோ ஒரு ஹெட்மாஸ்டரிடம் பிடுங்கிய பணம் முதலில் விழுவது இப்படிப்பட்ட பிள்ளைகளின் கணக்கில்தான். அங்கிருந்து நாலைந்து கணக்கு தாண்டிக் கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டுப் போய்விடும். போலீஸ் வந்து நிற்பது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவன் வீட்டு வாசலில். 5,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டால் கணக்கு முடங்கும், வழக்கும் வரும். பாஸ்போர்ட், வேலை என்று போகும் வயதில் அவனுக்கு இது வேண்டாம்.

அதே நண்பன் நாளைக்குக் கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட்டும் அவர்களே போடுவார்கள் என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை. அப்படிப் போனவர்களைத்தான் மியான்மரின் மியாவதி போன்ற இடங்களில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி அடைத்து, இங்கே நமக்குப் போன் போட வைக்கிறார்கள். 2022-இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிலர் அங்கிருந்து மீண்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப் படை விமானங்களில் 549 இந்தியர்களை மியான்மர், தாய்லாந்து எல்லையிலிருந்து கூட்டி வந்தார்கள். அந்தப் பக்கம் போலீஸ் வேஷம் போட்டு மிரட்டுகிறவனுக்குப் பின்னால் ஒருவன் தடியோடு நிற்கலாம் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் யார் மேல் என்று தெரிவதில்லை.

பணம் போய்விட்டால் என்ன செய்வது என்று அண்ணன் கேட்டாராம். முதலில் 1930-க்குப் போன். அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் அதை நிறுத்திவைக்கத்தான் அந்த நம்பர். அதனால் நிமிஷக் கணக்கு முக்கியம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். கூடவே பேங்க்குக்குச் சொல்லிப் புகார் எண்ணை எழுதி வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதி ஒன்று இருக்கிறது. நம் தவறும் இல்லாமல், பேங்க் தவறும் இல்லாமல் நடுவில் யாரோ திருடியிருந்தால், 3 வேலை நாளுக்குள் தெரிவித்துவிட்டால் நஷ்டம் நம்முடையது அல்ல. பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், பேங்க்கிடம் சொல்லும் வரை போனதுதான் நம் தலையில்; சொன்ன பிறகும் போனால் அது அவர்கள் பொறுப்பு. வெட்கப்பட்டுக்கொண்டு ரெண்டு நாள் மறைப்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். 'நீங்கள் பாண்டிச்சேரி, பேங்க் கடலூர், எல்லை முள்ளோடைக்கு அந்தப் பக்கம் போய்ப் புகார் கொடுங்கள்' என்று யாராவது சொன்னால் ஏற்காதே. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம்.

இது நவம்பர், நமக்கெல்லாம் லைஃப் சர்டிபிகேட் மாதம். பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டு பென்ஷன் ஆணை எண்ணான பி.பி.ஓ. நம்பர் முதற்கொண்டு சரியாகச் சொல்லி, 'ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள், நாங்களே புதுப்பித்து விடுகிறோம்' என்பார்கள். விவரம் சரியாகச் சொல்கிறானே என்று மயங்க வேண்டாம், அது எங்கேயோ விலைக்குக் கிடைக்கிறது. போஸ்ட்மேனைக் கூப்பிட்டால் 70 ரூபாய்க்கு வீட்டுக்கே வந்து முடித்துக் கொடுப்பார். உங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கும் இதைச் சொல்லிவை. உயிரோடு இருப்பதற்குத் தாள் காட்டும் தொல்லை அவர்களுக்கும் உண்டு.

அண்ணனிடம் சொல்லி வாட்ஸப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஒரு 6 இலக்க எண் போடச் சொல். ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டிவைக்கலாம். பத்திரத்தில் வைத்த ரேகையைப் பிரதியெடுத்துப் பணம் எடுத்த கதைகள் உண்டு. சஞ்சார் சாத்தி தளத்தில் நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம்.

இதையெல்லாம் செய்யாவிட்டாலும், ஒன்று மட்டும் செய்வோம். 10,000 ரூபாய்க்கு மேல் முன்பின் தெரியாத இடத்துக்குப் போக வேண்டுமென்றால், நீ எனக்கு ஒரு போன், நான் உனக்கு ஒரு போன். ராத்திரி 2 மணியானாலும் சரி. நான் கேட்கப் போவது பழைய கேள்விதான்: யாருக்கு, ஏன் இப்பவே? நீ முறைத்தால் முறைத்துக்கொள், எனக்குப் பழக்கம்.

மாடி போர்ஷனுக்கு நிஜமான ஆள் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் தெரு நர்ஸ் பெண், ஜிப்மரில் வேலை கிடைத்திருக்கிறது. உங்கள் லாஸ்பேட்டை அவளுக்குப் பக்கம். வருகிற சனிக்கிழமை அம்மாவோடு வீடு பார்க்க வருவாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், வண்டி நிறுத்த இடம் உண்டா என்று ஆயிரம் கேட்பாள், பொறுமையாகப் பதில் சொல். பலகாரம் ஒன்றும் செய்ய வேண்டாம், காபி போதும்.

உன்,
ராஜி