படிக்கட்டின் கோணம் தப்பவில்லை

மாணவர் ஓவியப் போட்டியின் நடுவர்களுக்கு,

வணக்கம். என்னிடம் ஓவியம் பழகும் மாணவியின் படத்துக்கு நீங்கள் எழுதித் தந்த குறிப்பு இவ்வளவுதான்: ‘படிக்கட்டின் கோணம் தப்பு. ரொம்ப இருட்டு. சோகம்.’ பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. அந்த முதல் வரிதான் உறுத்துகிறது.

படத்தில் ஒரு ஃபிளாட். லிஃப்ட் கதவில் ‘ரோசாக்’ (மலாயில் ‘பழுது’) என்று அட்டை. தோளில் காண்டா வாளியோடு (கம்பின் இரு முனையிலும் வாளி) ஒரு பாட்டி படியேறுகிறாள். படிக்கட்டோ இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் சரிந்து, கட்டடத்தையே சுற்றிக்கொண்டு வருகிறது. எந்த ஃபிளாட்டிலும் அப்படி இருக்காதுதான். கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வெட்டுக்கோடு அப்படி இருக்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தே மேலேறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபட்டுப் பால் கூடும். என் அம்மா முப்பது வருஷம் அப்படித்தான் வெட்டினார். படி முடிகிற இடத்தில், கைப்பிடிக் கம்பியில் ஒரு மங்கு, பால் பிடிக்கும் கிண்ணம், தொங்குகிறதே, கவனித்தீர்களா? காலி மங்கு.

இருட்டுக்கு வருகிறேன். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியுமுன்னே வெட்டு. பாட்டியின் நெற்றி விளக்கைத் தவிர படத்தில் வேறு வெளிச்சமில்லை. பின்வாளியில் துடைப்பம் நீட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்தும் அவளுக்கு அதே நாலரை மணிதான். பால் வெட்டியவள் இப்போது படி கழுவுகிறாள். இதையா ‘சோகம்’ என்று ஒரே சொல்லில் முடித்தீர்கள்?

நம் பினாங்கில் பிறந்த ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம், 1986இல் அமெரிக்கா லிபியாவில் குண்டு போட்டபோது, அன்றைய அமெரிக்க அதிபர் ரீகனையும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரையும் வாயாங் கூலிட் என்ற நிழற்கூத்தின் நீள மூக்குப் பொம்மைகளாக வரைந்தார். அந்தப் படம் உங்கள் மேசைக்கு வந்திருந்தால் ‘மூக்கு நீளம்’ என்று மார்க்கைக் குறைத்திருப்பீர்களோ என்னவோ.

அடுத்த வருஷம் மார்க் போடுமுன் பிள்ளையைப் படத்தின் பக்கத்தில் நிறுத்தி இரண்டு நிமிஷம் பேசவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கும் பெரிய தகுதி இல்லை. பால்வெட்டுக்காரியின் மகனாக இருந்தும், முதல் ஸ்கெட்சைப் பார்த்ததும் படியைத் திருப்பிப் போடச் சொன்னவன் நான். “பாட்டி இப்படித்தான் காட்டுனாங்க சார்,” என்று கையைச் சரித்துக் காட்டினாள். அழிக்க எடுத்த ரப்பரை மேசையிலேயே வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு