மூக்கைத் தூக்கிய பிக்கப்பும் எதிரே வருபவர் கண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொள்ளாச்சியில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறேன். இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வாங்கும் இளைஞர்களுக்கு இப்போது வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கும் லெவலிங் கிட் மோகம். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆன்லைனில் ஒரு ஜோடி ஸ்பேசர் (உயரம் கூட்டும் கட்டை) வாங்கி முன் ஷாக் அப்சார்பரின் தலையில் வைத்து முறுக்கினால் வண்டி மட்டமாக நிற்கும். பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தச் சரிவு கம்பெனிக்காரன் தெரியாமல் விட்டதல்ல. தேங்காயோ உர மூட்டையோ ஏற்றினால் பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் அமுங்கி வண்டி மட்டமாகும் என்று கணக்குப் பண்ணித்தான் அப்படி வைத்திருக்கிறான். முன்னாலும் தூக்கிவிட்டால், லோடு ஏற்றியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும்.

என் கவலை ஹெட்லைட்தான். எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்க, லோ பீம் (தாழ்த்திப் போடும் லைட்) வெளிச்சம் பத்து மீட்டர் தள்ளிச் சுமார் 10 செ.மீ. இறங்கி விழும்படி வைத்திருப்பார்கள். ஷாக்கின் கீழ்முனை சக்கரத்தில் இல்லை, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்மின் நடுவாக்கில் இருக்கிறது. அதனால் ஒரு அங்குல ஸ்பேசர் வண்டியை ஏறக்குறைய இரண்டு அங்குலம் தூக்கிவிடும். வி-கிராஸின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 3.1 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே பத்து மீட்டரில் வெளிச்சம் 16 செ.மீ. மேலே போகிறது. இறங்க வேண்டிய லைட் ஏறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். இதில் லோடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உடுமலை ரோட்டில் இரவில் எதிரே பைக்கில் வருபவர் என்ன செய்வார்?

சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்குரூவைத் திருப்பினால் வெளிச்சம் இறங்கிவிடும். அலைன்மென்ட்டுக்கு வருகிறவர்களுக்கு நானே செய்து கொடுக்கிறேன். வராதவர்களின் டயர் ஒரு ஓரமாகத் தேயும், அது அவரவர் காசு, நான் குறுக்கே வரமாட்டேன். வீட்டிலேயே மாட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: ஷாக்கின் தலையில் நடுவில் இருக்கும் நட்டைத் தொடாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது.

கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் வந்துவிட்டது. ஆனால் சொந்த உபயோக வண்டி 15 வருடம் கழித்துத்தான் எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குப் போகிறது. அதுவரை ஹெட்லைட்டை யார் பார்க்கிறார்கள்?

கிட் மாட்டும் கடைக்காரர்கள் லைட்டையும் இறக்கி வைத்தே வண்டியை வெளியே அனுப்ப வேண்டும். இரவு வாகனச் சோதனையில் ஹெல்மெட், லைசென்ஸ் கேட்கும் போலீஸார், பிக்கப்புகளின் லோ பீம் எங்கே விழுகிறது என்றும் பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு அலைன்மென்ட் கடைக்காரர்,
பொள்ளாச்சி.