ஜீவாவை ஒற்றை வேட்டிக் கதையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் ப. ஜீவானந்தம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாம்பரத்துக் குடிசை, வாசலில் வந்து நின்ற காமராஜர், துவைத்துப் போட்ட ஒற்றை வேட்டி காயட்டும் என்று உள்ளே காத்திருந்த ஜீவா. கட்டுரை முழுக்க அவருடைய எளிமைதான். இந்தச் சம்பவத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் கடைசிவரை ஏழையாகவே வாழ்ந்தார் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் எதற்காக அப்படி வாழ்ந்தார், யாரோடு சேர்ந்தார், யாரை எதிர்த்தார் என்பதையெல்லாம் விட்டுவிட்டால், எல்லாக் கட்சிக்காரர்களும் மாலை போட்டுவிட்டுப் போக வசதியான ஒரு சாமியாராக அவரை ஆக்கிவிடுகிறோம். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1907-ல் பூதப்பாண்டியில் பிறந்தவர் அவர். வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. அன்றைக்கு அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் கால்வைக்கக் கூடாத தெருவுக்குள் தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போன பையனை ஊரும் வீடும் சும்மா விடவில்லை. வீட்டை விட்டு வெளியேறினார். வைக்கம் போராட்டம் அவரை இழுத்தது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்துக்குப் போனார்; அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று கண்டதும் அங்கிருந்தும் கிளம்பினார். தேசபக்தி சொல்லித்தரும் இடமாகவே இருந்தாலும் சோற்றுக்கு முன்னால் சாதி பார்த்தால் அங்கே இருக்க முடியாது என்ற பிடிவாதம் அது. அந்தப் பிடிவாதத்திலிருந்து தொடங்கினால்தான் பின்னால் அவர் எடுத்த முடிவுகள் புரியும்.

எங்கள் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற சிராவயலில் அவர் ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தி அங்கே வந்து, "நீங்கள்தான் இந்தியாவின் சொத்து" என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. எங்கள் பக்கம் பள்ளி ஆண்டு விழாக்களில் இதைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் வருணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை மறுத்து அவருக்கே கடிதம் எழுதியவர் இந்த ஜீவா. இருபது வயது இளைஞன் மகாத்மாவிடம் அப்படிக் கேட்டதை மேடையில் யாரும் எடுப்பதில்லை. தமிழாசிரியையாக இருந்த காலத்தில் நான் அதைத்தான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வேன்.

அடுத்து பெரியார். பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில், மூத்த பொதுவுடைமைவாதி சிங்காரவேலரோடு சேர்ந்து சமதர்மத்தைப் பேசியவர் ஜீவா. பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' கட்டுரையை அவர் தமிழாக்கினார். அதை வெளியிட்டதற்காகப் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் ஜீவாவும் கைதானார்கள். அரசாங்கம் இயக்கத்தையே நசுக்கிவிடும் என்று அஞ்சிய பெரியார் மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காயம் ஜீவாவுக்கு ஆறவே இல்லை. பெரியார் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். சாதி ஒழிப்புக்கு என்று கட்டிய இயக்கத்தைச் சிறையில் அழிய விடுவாரா? ஆனால் ஜீவாவுக்குச் சாதியும் கூலியும் வேறு வேறு சண்டை இல்லை. அவர் பிரிந்து காங்கிரஸ் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார், அங்கிருந்து கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். 1937-ல் ஜனசக்தி இதழ் தொடங்கியது. இதைக் கட்சி மாறியது என்று ஒரு வரியில் எழுதிவிடுவது அநியாயம். அவர் நகர்ந்ததெல்லாம் பதவி இருந்த பக்கமா, சிறை இருந்த பக்கமா என்று பார்த்தாலே போதுமே.

அவர் சட்டமன்றத்துக்குள் போனது ஒரே ஒரு முறை, 1952-ல், வண்ணாரப்பேட்டையிலிருந்து. அந்தத் தேர்தலில் காங்கிரஸை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளுக்கு ஆதரவு தந்தவர் பெரியார்! முதலமைச்சராக வந்த ராஜாஜியோ கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று அவையிலேயே அறிவித்தார். அந்த அவையில்தான் ஜீவா தமிழில் எழுந்து பேசினார், தமிழே ஆட்சிமொழியாக வேண்டும் என்று வாதாடினார். தென் மாநிலங்களை ஒன்றாக இணைக்கும் தட்சிணப் பிரதேசத் திட்டம் வந்தபோது அதை எதிர்த்து நின்றார். உங்கள் கட்டுரையில் இந்த ஐந்து வருடங்களுக்கு ஒரு பத்தி கூட இல்லையே.

கம்பனையும் விட்டுவிட்டீர்கள். கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த நாட்டில், கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு கம்யூனிஸ்ட், கதராடை உடுத்திய காங்கிரஸ்காரர்களுக்கு நடுவில் கம்பன் விழா மேடையில் நின்றார். பழைய இலக்கியத்தை எதிரிக்குத் தூக்கிக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. அவர் தொடங்கிய தாமரை இதழும் கலை இலக்கியப் பெருமன்றமும் அந்த எண்ணத்தில் பிறந்தவைதாம்.

அவருடைய சட்டமன்ற உரைகள் தொகுப்பாக வந்திருக்கின்றன. வரும் ஆகஸ்ட் 21 அவர் பிறந்த நாள். அன்றைய இதழில் அவற்றில் ஒன்றையாவது வெட்டாமல் முழுதாக வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
காரைக்குடி