கேட்டரிங் வேண்டாம், வீட்டுப் பாத்திரங்கள் கீழே வரட்டும்

எங்கள் புளோக்கின் வசிப்போர் குழுவினருக்கு வணக்கம்.

போன மாதம் கீழ்த்தளத்தில் நீங்கள் நடத்திய விருந்துக்கு நானும் மகளும் வந்திருந்தோம். மேசை தூக்கியதிலிருந்து தரை கூட்டியதுவரை எல்லாம் நீங்களே செய்ததைப் பார்த்தேன், அந்த உழைப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கேட்டரிங் பாத்திரங்களைத் திறந்ததும் வரிசை, வரிசை முடிந்ததும் நேராக மின்தூக்கி, பாதிப் பேர் தாபாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டிக்கொண்டு, மேலே போய்விட்டார்கள். எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று பாத்திரங்களில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து ஊழியர்கள் அவற்றை அடுக்கத் தொடங்கியபோது, என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் எந்த மாடி என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் கேட்பது ஒன்றுதான். மாதம் ஒரு சனிக்கிழமை, கேட்டரிங் இல்லாமல், அவரவர் வீட்டில் அன்று இரவுக்குச் சமைத்ததையே ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து கீழே உட்கார்ந்து சாப்பிடுவோம். விசேஷச் சமையல் எதுவும் வேண்டாம். ரசம், ஒரு பொரியல், முட்டை வறுவல், அவ்வளவு போதும்.

இது எங்கிருந்து வந்த ஆசை என்று சொல்கிறேன். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொவிட் பரவலைத் தடுக்க சிங்கப்பூரே வீட்டுக்குள் முடங்கிய சர்க்கிட் பிரேக்கர் காலத்தில், யாரும் யார் வீட்டுக்கும் போகமுடியாது. நோன்பு மாதமும் அதற்குள்தான் வந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் நோன்புக் கஞ்சி கிடைக்காதே என்று, பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், தானே ஒரு பானை காய்ச்சி, ஒரு டப்பாவைப் பையில் போட்டு எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இல்லையே, வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் வைத்து அவர் கேட்டில் மாட்டினேன். அப்புறம் அந்த டப்பா இரண்டு மாதம் ஓயவில்லை. ஒன்பது வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நான் சொன்ன குட்மார்னிங்குக்கு அவர் திரும்பாமல் போனதையெல்லாம் வேறு மாதிரி நினைத்திருந்தேன், அது இன்னும் மனதை உறுத்துகிறது.

உணவங்காடி நிலையம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 2020 டிசம்பரில் நம் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, அவற்றைச் சமூகத்தின் சாப்பாட்டு அறைகள் என்றே சொன்னார்கள். எனக்கும் பெருமைதான், வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் சாப்பிடுகிறேன். ஆனால் இரவு 7 மணிக்கு டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்த மேசையில், அடுத்தவர் தட்டோடு காத்து நிற்கும்போது, யாரிடம் உட்கார்ந்து பேசுவது?

ஹலால் பற்றிக் கவலை வரும், வரவேண்டியதுதான். முஸ்லிம் வீட்டாருக்குத் தனி மேசை, தனிக் கரண்டி வைப்போம். அவர்கள் கொண்டுவந்ததை அவர்கள் சாப்பிடட்டும், நாம் அதில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், நாற்காலிகளை மட்டும் சேர்த்துப் போடுங்கள். எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைத்தால் சைவக்காரர்களுக்கும் நிம்மதி. நம்மில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, சரி, ஆனால் நான்காம் மாடிச் சீன ஆண்ட்டியும் அதைத் தொடுவதில்லை, குவான் யின் அம்மனைக் கும்பிடுபவர். அவர் வீட்டில் ஒருநாள் சேர்ந்து சாப்பிட்டபோது சொன்னார்.

நேரத்தை மட்டும் மாலை 6 மணிக்கு வைத்துவிடாதீர்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், மக்ரிப் தொழுகையும் 7 மணியை ஒட்டி வருகிறது. 7:45க்குத் தொடங்கலாம். மேடை, ஒலிபெருக்கி, அதிர்ஷ்டக் குலுக்கல், வரவேற்புரை எதுவும் வேண்டாம். குலுக்கல் எண்ணைக் கூப்பிடும்போது எல்லாப் பேச்சும் நின்றுவிடுகிறது.

நகர மன்ற அனுமதிக்கான படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன். மேசை எட்டு போதும். முதல் சனிக்கிழமைக்கு ரசம் என் பொறுப்பு, மக்சிக்கிடமும் கேட்டுவிட்டேன், மிளகாய்ச் சம்பல் அரைத்துக் கொண்டுவருகிறாராம்.

இப்படிக்கு,
ஏழாம் மாடியிலிருந்து உங்கள் அண்டைவீட்டுக்காரி