ரிங் ரோட்டுக்கு வெளியே குடிபோகும் மகளுக்கு

மேலூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். "புது வீட்டுக்கு முன்னால் ரோடு இல்லை, லைட் இல்லை, யாரிடம்ப்பா போய்ச் சொல்ல?" என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றில் போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவன் எழுதுவதால் கொஞ்சம் ஃபைல் வாசம் அடிக்கும், பொறுத்துக்கொள்.

முதலில், விலாசத்தில் மதுரை என்று போட்டாலும் நீ குடிபோகிற இடம் மதுரை மாநகராட்சி இல்லை. மாநகராட்சி 100 வார்டுகளோடு நின்றுவிடுகிறது. உன் மனை மதுரை கிழக்கு ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில் இருக்கிறது. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் பார், எழுதியிருக்கும். அந்தப் பக்கம் புதிதாக வீடு கட்டியவர்களில் பாதிப்பேர் இது தெரியாமல் மாநகராட்சிக்குப் புகார் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அந்தப் புகாருக்கு ஃபைலே கிடையாது. ஊராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியை விரிக்க 2025 தொடக்கத்தில் அரசு உத்தேசம் அறிவித்தபோது பல ஊர்களில் எதிர்ப்பு வந்தது. சொத்து வரி கூடும், நூறு நாள் வேலை போய்விடும் என்ற கவலை. எல்லை எப்போதாவது மாறலாம். மாறாத வரைக்கும் நீ ஊராட்சிக்காரி.

ஊராட்சிக்காரிக்கு உள்ளாட்சித் தேர்தலில் நாலு ஓட்டு. மாநகராட்சியில் இருப்பவருக்கு கவுன்சிலருக்கு ஒன்றுதான். உனக்கு வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு (சில வார்டுகளில் நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. நம் மாவட்டத்தில் 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசு அதிகாரியான தனி அலுவலரிடம் பொறுப்பு வந்தது. தலைவர் நாற்காலி காலியாக இருக்கிற காலத்திலும் ஊராட்சிச் செயலர் இருப்பார், வரவு செலவு நடக்கும், கிராம சபையும் நடக்கும். "தலைவர் இல்லை, அப்புறம் வாங்க" என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதே.

இப்போது ரோடு. மனை போட்டவர் தெருக்களையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி ஊராட்சியிடம் ஒப்படைத்தாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கிய லேஅவுட் என்றால் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைக்காத தெரு காகிதத்தில் இன்னும் தனியார் நிலம். அதில் ஒரு ரூபாய் செலவழித்தாலும் தணிக்கையில் ஆட்சேபணை வரும். செயலர் உன்னிடம் நேராகச் சொல்லமாட்டார், "ஃபண்ட் இல்லம்மா" என்பார். அதனால் லேஅவுட் வரைபட நகல், தானப் பத்திர எண், தெருவின் சர்வே எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசு. அப்ரூவல் இல்லாத மனையாக இருந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் கிரயம் பதிவாகியிருந்தால், 2017-ல் வந்த வரன்முறைத் திட்டத்தில் அது வரன்முறை ஆனதா என்பதையும் விசாரி.

தெரு விளக்கில் கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. பல்பும் அதன் மின் கட்டணமும் ஊராட்சிப் பொறுப்பு. பல்பு எரியவில்லை என்றால் ஊராட்சி, கம்பம் சாய்ந்தால் வாரியம். புதுக் கம்பம் வேண்டுமென்றால் வாரியம் மதிப்பீடு போட, ஊராட்சி பணம் கட்ட வேண்டும். இந்த இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில்தான் காகிதம் தூங்கும்.

உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கண்மாயைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊருணி ஊராட்சியுடையது. கண்மாய் அப்படியில்லை. ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் வயல், நூறு ஏக்கருக்கு உள்ளே என்றால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை, நம் வாயில் இன்னும் பொதுப்பணித்துறைதான். மடை உடைந்ததையும் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு அடைபட்டதையும் தவறான இடத்தில் சொன்னால் அடுத்த மழையே வந்துவிடும். நீர்வளத்துறைக் கண்மாயில் ஆக்கிரமிப்பு என்றால் 2007-ஆம் வருடத்து ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுது. ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரிக்காரன் வரத்துக்கால்வாயில் கொட்டிவிட்டுப் போவதும் அந்தப் பக்கம் உண்டு. வண்டி எண், நேரம், இடம் மூன்றும் இருந்தால்தான் புகார் நிற்கும். "யாரோ கொட்டுறாங்க" என்றால் யாரோ ஒருத்தர் படித்துவிட்டு வைத்துவிடுவார்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லாரும் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். உன் ஊராட்சி புது மனைகளால் பெருத்துப்போன ஊராட்சி. ஆளோ வரமாட்டார்கள், பாதிக்கு மேல் லீவு நாளில்தான் வரும்! அதனால் நடப்பது என்னவென்றால், வந்தவர்களிடம் முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், வராதவர்களிடம் சாயங்காலம் வீடு வீடாக வாங்குவார்கள், தீர்மானத்தைப் பிற்பாடு எழுதுவார்கள்.

நீ செய்ய வேண்டியது இது. தீர்மானப் புத்தகத்தில் உன் கோரிக்கை எழுதப்படுவதைப் பக்கத்தில் நின்று பார். உரக்க வாசிக்கச் சொல். வாசித்த பிறகு கையெழுத்துப் போடு. கடைசித் தீர்மானத்துக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் வெற்று இடம் இருந்தால் கோடு இழுக்கச் சொல். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள். கோரிக்கையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போ. "சாலை வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது ஆசை. "சர்வே எண் இன்னது, மூன்றாவது குறுக்குத் தெரு, முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை இத்தனை மீட்டர், தானப் பத்திரம் எண் இன்னது, பேவர் பிளாக் சாலை" என்று எழுதினால்தான் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட முடியும். போன வருட வரவு செலவையும் அங்கே வாசிக்க வேண்டும். வாசிக்கிற வேகத்தில் ஒன்றும் புரியாது. ஒரே ஒரு தலைப்பைப் பிடி, தெரு விளக்குப் பராமரிப்போ குடிநீர் மோட்டார் ரிப்பேரோ, அதை மட்டும் மெதுவாகக் கேள். மோட்டார் ரிப்பேரில் சுவாரசியமான விஷயங்கள் கிடைக்கும்.

கூட்டத்தில் பெண்கள் பின்வரிசையில்தான் உட்கார்வார்கள், நூறு நாள் வேலை சம்பளத்தைத் தவிர வேறு பேசினால் "நீ உக்காரும்மா" என்பார்கள். நீ உட்காராதே. நம் பக்கத்து ஊர்க்கூட்டம் வேறு, கிராம சபை வேறு. ஊர்ப் பொது இடமான மந்தையில் கூடுகிற ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத் தலைவருக்குத்தான் கணக்கு; திருவிழா வரியும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அதில் இடமில்லை, வந்து சேர்ந்த மருமகளுக்குப் பேச்சில்லை, காலனிக்காரர்களுக்குப் பெரும்பாலும் அழைப்பே இல்லை. திருவிழா நடத்த அது போதும் என்பவர்கள் நடத்திக்கொள்ளட்டும். ஆனால் அது போடுகிற தெண்டத்துக்கும் ஊர்விலக்குக்கும் சட்டத்தில் ஒரு பைசா மதிப்பில்லை. கிராம சபையில் கணக்கு ஆளுக்கு. உன் கை ஒன்று, மாப்பிள்ளை கை ஒன்று, மேலவீட்டுப் பெரியவர் கையும் ஒன்றுதான்.

இந்த ஆள் கணக்கை நம் மாவட்டம் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, அப்புறம் நாட்டார்மங்கலம் மூன்றும் 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள். பத்து வருடம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரமாட்டார், வந்தாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006-ல்தான் நடந்தது, அப்போது கலெக்டர் உதயச்சந்திரன். நம் மேலூருக்குப் பக்கத்திலேயே மேலவளவில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூனில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஒரு ஊராட்சி நாற்காலிக்காக. அந்த நாற்காலிக்கு அதிகாரம் இல்லை என்று நினைத்திருந்தால் கொன்றிருக்க மாட்டார்கள். படித்தவர்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் ஊருக்கு வராமல் இருப்பதை நான் ரசிப்பதில்லை.

கிராம சபைத் தீர்மானத்தால் எல்லாம் ஆகிவிடாது என்பதும் உண்மை. அரிட்டாபட்டியை எடுத்துக்கொள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். 2024 நவம்பரில், அந்த ஊரும் சேர்ந்து வருகிற நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023 சட்டத் திருத்தத்தால் டெல்லியில் இருக்கிற ஒன்றிய அரசிடம் போயிருந்தது. ஊராட்சிக்கு அதைத் தடுக்கிற அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் தள்ளிப்போய் அந்த நவம்பர் 23-ல் நடந்த கிராம சபைகளில் சுற்றுப்பட்டு ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் தீர்மானம். ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குள் ஊர்வலம். ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊர்த் தீர்மானம் மட்டும் இருந்திருந்தால் போதாது. அது இல்லாமல் மேலே போயிருந்தால் "அது கட்சிக்காரர்கள் கிளப்பியது" என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

அதனால் மனுவையும் கீழேயிருந்து மேலே கொண்டுபோ. முதலில் ஊராட்சி, அடுத்து வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கு மேல் கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம். நேராகத் திங்கட்கிழமைக்குப் போனால் அந்த மனு சுற்றிக்கொண்டு வந்து சேர்வது அதே வட்டார வளர்ச்சி அலுவலர் மேசைக்குத்தான். ஒரு மனுவில் ஒரு விஷயம். ரோடும் லைட்டும் சாக்கடையும் ஒரே தாளில் எழுதினால் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்றே தெரியாமல் கிடக்கும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரை வாங்கு. "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்று பதில் வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு நிதி ஒதுக்கீட்டுக்காக" என்று வந்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு. "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்காதே, அது விளக்கம், தரமாட்டார்கள். மதிப்பீட்டின் நகல், எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல், பில் நகல் என்று காகிதமாகக் கேள். பக்கத்துக்கு இரண்டு ரூபாய். முப்பது நாளில் பதில் வரவேண்டும்; வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் வழியில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் தகவல் ஆணையம். நாள் தவறினால் அதையே காரணமாகச் சொல்வார்கள், காலண்டரில் குறித்துவை.

எம்.எல்.ஏ., எம்.பி. விஷயம் சுருக்கமாக. எம்.எல்.ஏ.வுக்கு வருடம் மூன்று கோடி, எம்.பி.க்கு ஐந்து கோடி தொகுதி நிதி. சமுதாயக்கூடம், பள்ளிக் கட்டடம் மாதிரி வேலைக்குக் கேட்கலாம், பல்புக்குக் கேட்கக்கூடாது. மதுரை மாவட்டத்துக்காரர் எல்லாருக்கும் மதுரை எம்.பி. என்று நினைக்காதே. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனித் தொகுதி, திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் விருதுநகர். உன் மனை மதுரை கிழக்குச் சட்டமன்றத் தொகுதிக்குள் வந்தால் மதுரை எம்.பி.தான்.

இத்தனைக்கும் அடிப்படை வாக்காளர் பட்டியல். இப்போது நீங்கள் இருக்கிற பெங்களூரில் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தால் படிவம் 8, குடிமாற்றம் என்ற இடத்தில் குறி. எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் படிவம் 6. இரண்டு ஊரில் பெயர் வைத்துக்கொள்வது சட்டவிரோதம், விளையாட்டில்லை. புது விலாசத்துக்குச் சான்றாகக் கிரயப் பத்திரமே செல்லும். உள்ளாட்சிக்கான பட்டியலைத் தனியாகத் தயாரிப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிப்பார்கள். அங்கே தெரு தவறாக விழுந்தால் கிராம சபையிலும் உன் பெயர் இருக்காது. புது மனைகளில் கதவு எண் இல்லாததால் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிவிடுவதும் நடக்கும். ஆகவே முதலில் ஊராட்சியில் வீட்டு வரி போட்டுக் கதவு எண் வாங்கி, சுவரில் பெயின்டில் எழுதிவிட்டு, அப்புறம் படிவம் கொடு. சந்தேகம் என்றால் வாக்காளர் உதவி எண் 1950-க்கு போன் அடி.

பால் காய்ச்ச நாள் குறித்ததும் சொல். அம்மா இப்போதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். வரும்போது தானப் பத்திர நகலை மறக்காமல் எடுத்து வைக்கச் சொல் மாப்பிள்ளையை. நான் ஒருதரம் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா