பிளாஸ்டிக் சர்ஜரி துறைத் தலைவர்களுக்கு: ஆபரேஷன் டேபிளின் உயரம் உங்களுக்கு மட்டும்தானா?

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகளை நடத்தும் மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். கையில் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு விரலை மறுபடி மடக்கவும் நீட்டவும் பழக்குவது என் வேலை. நோயாளிகள் போனபிறகு, அவர்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர்களும் சில நாள் வருகிறார்கள். பெரும்பாலும் எம்.சிஎச். என்ற சர்ஜரி உயர்படிப்பில் இருக்கும் இளையவர்கள். கழுத்துப் பிடிப்பு, தோள்பட்டை வலி, விரல் நுனியில் மரத்துப்போவது என்று சொல்லிவிட்டு, "சீஃபுக்குத் தெரிய வேண்டாம்" என்கிறார்கள். அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் வேலை உடம்பை எவ்வளவு வாட்டும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துண்டான விரலை ஒட்டும்போது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ரத்தக்குழாயை, தலைமுடியை விட மெல்லிய 10-0 நூலால் தைக்கிறீர்கள். அண்ணப்பிளவு ஆபரேஷனில் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தச் சின்ன வாய்க்குள் பார்த்தபடியே வேலை. தீக்காயக் கேஸில் நோயாளியின் உடம்பு குளிர்ந்துவிடக் கூடாதென்று தியேட்டரையே சூடாக வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நம் தலை சுமார் 5 கிலோ. அது 60 டிகிரி குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் ஏறத்தாழ 27 கிலோ சுமை விழும் என்று அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். கண்ணில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப்பும், ஹெட்லைட்டும் அதற்கு மேல்.

ஆனால் டேபிள் உங்கள் முழங்கை உயரத்துக்குத்தான் ஏற்றப்படுகிறது. முக்கிய வேலையைச் செய்பவர் நீங்கள் என்பதால் அது சரிதான். எதிர்ப்பக்கம் நிற்கும் பிஜி, அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டர், ஐந்தடிப் பெண்ணாக இருந்தால், தோளைத் தூக்கியபடியே, வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரை மணிக்கணக்கில் பிடிக்கிறார். ஆறடிப் பையன் என்றால் முதுகு வளைந்தே நிற்கிறது. மைக்ரோஸ்கோப்பில் உதவியாளர் பார்க்கும் பகுதியை அவருக்கு ஏற்பத் திருப்பி வைக்க யாருக்கும் நேரமில்லை, கழுத்தைத் திருகிக்கொண்டு அவர் பார்க்கிறார். உங்களிடம் சொல்ல அவருக்குத் தயக்கம். வலியைச் சொன்னால் இந்தத் துறைக்கு லாயக்கில்லை என்று நினைத்துவிடுவீர்களோ என்ற பயம்தான் அது.

கத்தி வைப்பதற்கு முன் நோயாளி பெயர், எந்தப் பக்கம் என்றெல்லாம் சரிபார்க்கிறீர்களே, அந்த நிமிடத்திலேயே "எல்லாருக்கும் உயரம் சரியா?" என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும். குட்டையானவருக்கு ஏறி நிற்க அகலமான ஸ்டூல் வேண்டும். டேபிளை நெட்டையானவருக்கு ஏற்ப உயர்த்திவிட்டு மற்றவர்கள் ஸ்டூலில் நிற்பதுதான் எளிய வழி. சீஃப் ஸ்டூலில் ஏறினால் கௌரவம் குறையாது.

அடுத்தது ஓய்வு. ஆபரேஷனுக்கு நடுவே 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒன்றரை நிமிடம் போலக் கழுத்தையும் தோளையும் நீட்டி மடக்கும் முறையை மேயோ கிளினிக் ஆய்வாளர்களும் சேர்ந்த ஒரு குழுவினர் அமெரிக்க மருத்துவமனைகளில் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். வலி குறைந்தது, ஆபரேஷன் நேரமும் பெரிதாக நீளவில்லை. ரத்த ஓட்டத்தை நிறுத்தி வைக்கும் டோர்னிகே பட்டையைக் கட்டியிருக்கும்போது எப்படி நிறுத்துவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு குழாயைத் தைத்து முடித்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில், கையை மார்புக்கு முன் வைத்தபடி, ஸ்டெரிலிட்டி கெடாமல் செய்யக்கூடிய அசைவுகள்தான் இவை. நீங்கள் நிறுத்தினால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள்.

லூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அளவெடுக்கும்போது பிஜிக்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கொடுத்துவிட்டு, தியேட்டரில் குனிந்து நிற்கிறார்கள். வேலை செய்யும் நிலையிலேயே தூரத்தையும் கோணத்தையும் அளக்கச் சொல்லுங்கள். தலையை நிமிர்த்தியபடியே கீழே பார்க்க உதவும் பிரிசம் வைத்த லூப்களும் வந்துவிட்டன. விலை அதிகம். உதவித்தொகையில் படிப்பவர்களால் தனியாக வாங்க முடியாது, அதற்குத் துறையிலிருந்து வழி செய்ய வேண்டும்.

தையலும், தோலையும் சதையையும் இடம் மாற்றிப் பொருத்தும் ஃப்ளாப்பும் சொல்லித்தரும் முதல் மாதத்திலேயே நிற்கும் விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். கூப்பிட்டால் தியேட்டருக்கே வந்து ஒவ்வொருவருக்கும் உயரம் பார்த்து, அந்த ஒன்றரை நிமிட அசைவுகளைப் பழக்கித் தர நான் தயார். எந்த நாள் ஆபரேஷன் லிஸ்ட் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கை மறுவாழ்வுப் பிரிவில் பணிபுரியும் ஒரு பிசியோதெரபிஸ்ட்