தண்ணீர் கேட்டவன் திருடனா?

ஆசிரியருக்கு வணக்கம். 1956-இல் வந்த ‘ஜாக்தே ரஹோ’ இந்திப் படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். கிராமத்திலிருந்து கல்கத்தா வந்த ஏழை ராஜ் கபூர், தாகத்துக்குத் தண்ணீர் தேடி ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நுழைய, திருடன் திருடன் என்று ராத்திரி முழுக்க விரட்டுகிறார்கள், விடிகிற நேரத்தில்தான் நர்கிஸ் கையால் தண்ணீர் கிடைக்கிறது. மனசு தாங்கவில்லை. போன சித்திரையில் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு, கொலுசுப் பட்டறையில் வேலை தேடி வந்த வடநாட்டுப் பையன் காலி பாட்டிலோடு கேட்டைத் தட்ட, நாலு பேர் சேர்ந்து சட்டையைப் பிடித்தோம், நானும்தான். ‘பானி, பானி’ என்று பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் காட்டினான், பாவம். இப்போது வாசலில் மண்பானையும் டம்ளரும் வைத்திருக்கிறேன். மற்ற தெருக்காரர்களும் வையுங்கள்.

- ஒரு வாசகர், சேலம்